பாஸ் கந்தோருக்குப் போன கணினி

2001ஆம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கம் வரையும் பிரியந்தினி வவுனியா நகரத்தில் சட்டப்படி இருந்தாள். அதற்குக் காரணம் ஒரு கணினி.

அந்தப் போர் நாட்களில் வவுனியாவில் சும்மா இருக்க முடியாது. நகரத்திலேயே பிறந்தவர்கள் இருக்கலாம். வடக்கே ஓமந்தைக்கு அப்பால், சண்டை நடக்கும் பக்கத்தில் இருந்து வந்தவர்கள், பிறந்துவிட்டோம், மூச்சு வருகிறது, ஆகையால் இருக்கிறோம் என்று சொன்னால் பாஸ் என்ற அனுமதிச் சீட்டைக் கொடுக்கும் கந்தோரில் சிரிப்பார்கள். அதுவும் நல்ல நாளாக இருந்தால். இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு முத்திரை, முத்திரைக்கு ஒரு வரிசை. எல்லாம் பொருந்தினால் உள்ளங்கை அளவில் ஒரு காகிதம் கிடைக்கும். ஒரு நாள் பாஸ், ஏழு நாளுக்குக் கிழமைப் பாஸ், மாதப் பாஸ், ஆஸ்பத்திரிப் பாஸ், செத்த வீட்டுப் பாஸ் என்று அதில் பல இனங்கள். செத்த வீட்டுப் பாஸுக்கு வரிசையில் நின்று எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

பிரியந்தினியிடம் இருந்தது மாதப் பாஸ். தங்கியிருப்பதற்கான காரணம் என்ற இடத்தில், ஒரு நீளமான இலக்கத்தை எழுதி, அந்த இலக்கமுடைய கணினியை இயக்குதல் என்று போட்டிருந்தது. இலக்கம் போட்டுக் கடிதம் கொடுத்தவர் நல்லதம்பி. அவர் முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோர்களில் கோப்பு எழுதும் லிகிதராக இருந்து இளைப்பாறியவர். இப்போது இடம்பெயர்ந்தோருக்கு உதவும் சிறிய சங்கம் ஒன்றின் செயலாளர். இலக்கம் இல்லாத கடிதத்துக்குக் கனம் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. கணினியின் முதுகில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, ஒன்றும் விடாமல் எழுதினார். பாஸ் உடனே கிடைத்தது. அன்று பின்னேரம் முழுக்க அவருடைய முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

பிரியந்தினிக்கு இருபத்தொன்பது வயது. முல்லைத்தீவுக் கரையில், சிலாவத்தைப் பக்கத்தில், கரைவலைக் குடும்பத்தில் பிறந்தவள். பங்குக் கோயில் அறையில் தட்டச்சுப் பழகியிருந்தாள். தொண்ணூற்றாறு ஆடியில் கரையை விட்டு ஓடியபோது அவளும் புருஷன் றொமேஸும் ஒரு சைக்கிள், இரண்டு உரப்பை, ஒரு மாதா படம் ஆகியவற்றோடு வற்றாப்பளைக்குப் போனார்கள். கத்தோலிக்கப் பெண் கண்ணகி அம்மன் கோயில் வீதியில் பதினெட்டு நாள் உலை வைத்தாள். அம்மன் பாஸ் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு ஊராக மேற்கே நகர்ந்து, தொண்ணூற்றெட்டில் வவுனியா முகாம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். தறப்பாள் கொட்டில், தண்ணீருக்கு வரிசை, வெளியே போவதற்கு நாள் பாஸ்.

தொண்ணூற்றொன்பது புரட்டாதியில் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. முகாமில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். றொமேஸ் அடுத்த நாள் காலமை அங்கே போகப் பாஸ் வரிசையில் நின்றான். அன்றைய நாள் பாஸ் எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. ஒன்றுவிட்ட தம்பி மெல்ரொனிடம் ஒரு பாஸ் இருந்தது. இருவருக்கும் ஒரே மூக்கு. மெல்ரொன் தன் பாஸை எடுத்து நீட்டினான். றொமேஸ் அதைக் கொண்டு முதலாவது சோதனைச் சாவடியைத் தாண்டினான். இரண்டாவதில் பிறந்த திகதி கேட்டார்கள். அவன் தன்னுடைய பிறந்த திகதியைச் சொன்னான்.

அதன் பிறகு அவன் தெற்கே ஒரு சிறையில் இருந்தான்; அவள் முகாமை விட்டுச் சங்கத்து வேலைக்கு வந்தாள். வேறொருவரின் பாஸில் வந்தவன் வேறு எதற்கெல்லாம் வந்திருப்பான் என்று இருபது மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வழக்குக்கு ஒரு தவணை கிடைத்தது: 2001 ஆனி இருபது. சட்டத்தரணி கடிதம் போட்டிருந்தார். மனைவி ஆஸ்பத்திரி அட்டையோடு நேரில் வந்து, அன்று தன்னைப் பார்க்கத்தான் வந்தவர் என்று சொன்னால் விடுவார்கள், நீதவான் இரக்கமுள்ளவர், ஆனால் ஆள் வரவேண்டும், கடிதம் செல்லாது.

தெற்கே போக வேண்டுமானால் மாதப் பாஸ் உள்ளவர்கள் ஏழு நாள் பயண அனுமதி கேட்கலாம். முகாமில் இருப்பவர்கள் கேட்கலாம்தான்; கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆகவே அந்த மாதப் பாஸ் பிரியந்தினிக்குப் பாஸ் அல்ல, புருஷன்.

சித்திரைக் கடைசியில் மின்னல் அடித்தது. சங்கத்துக் கணினியின் பின்பக்கத்தால் புகை வந்தது. நல்லதம்பி அதற்கு மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மின்னல் பாதியில் விட்டதை முழுமையாக்கினார்.

வெளிநாட்டில் இருந்து சங்கத்துக்கு உதவி செய்பவர்கள் ஒரு மாதம் யோசித்து, புதிய கணினி ஒன்றைக் கட்டுவித்துக் கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: பழைய கணினியில் இருந்த விண்டோஸ் 98 சட்டப்படி வாங்கியது, அதன் உரிமத்தைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும், களவுப் பிரதி போடக்கூடாது. உரிமம் என்பது ஒரு மெல்லிய புத்தகம். அதன் அட்டையில் மினுங்கும் துண்டு ஒன்று, அதில் இருபத்தைந்து எழுத்தும் இலக்கமும். இரண்டு வருடமாக நல்லதம்பியின் அலுமாரிக்குள், அவருடைய இளைப்பாற்றுச் சம்பளக் கடிதத்துக்குக் கீழே, பூட்டில் இருந்தது.

கணினியைக் கட்டியவன் அர்ஷாத். பஜாரில் அவனுக்கு ஒரு சின்னக் கடை. அவனும் முல்லைத்தீவுதான். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கையில் கிடைத்த வானொலிப் பெட்டியோடு வந்தவன். வந்த இடத்தில் அது பழுதாகிப் போக, அதைக் கழற்றிப் பார்த்ததில் தொழில் தொடங்கியது. பிரியந்தினியை அவன் தங்கச்சி என்பான். அவள் நானா என்பாள். கடலைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை. ஒருமுறை கதைத்து, இரண்டு பேருக்கும் அந்த நாள் வேலை ஓடவில்லை.

உரிமம் மாற்றுவதை அவன் விளக்கினான்.

"மெசினோட ஒட்டிக்கொண்டு வாற லைசன் ஒண்டு இருக்கு தங்கச்சி. மெசின் செத்து மௌத்தானா அதுவும் மௌத்து. இது அப்பிடியில்ல, தனியா வாங்கினது. பழசில இருந்து எடுத்துப்போட்டுப் புதுசில போடலாம். ஒரே நேரத்தில ரெண்டிலயும் இருக்கப்படாது. அவ்வளவுதான் சட்டம்."

தன்னுடைய பாஸ் இந்த இரண்டில் எந்த வகை என்று பிரியந்தினி அவனிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன், புத்தகத்தை எடுத்து வையுங்கள், அரை நாள் வேலை என்று அவன் சொல்லி அனுப்பினான். அவள் நாலாந் திகதி திங்கட்கிழமையே அதைக் கொண்டுபோனாள், பாஸ் கந்தோருக்கு.

இதைப் பிழை என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்லலாம். ஓமந்தைக்கு அப்பால் இருந்து வந்த எவரும் அதையேதான் செய்திருப்பார்கள். பழையதைக் கையளிக்காமல் புதியதைத் தொடாதே என்பது பாஸ் வாழ்க்கையின் முதற் கட்டளை. மாதப் பாஸ் வேண்டுமா, கிழமைப் பாஸைக் கொடு. பயண அனுமதி வேண்டுமா, அடையாள அட்டையைக் கொடு. இரண்டும் ஒரே சட்டைப்பையில் இருந்தால் ஆள் உள்ளே. சங்கத்துக் கணினி தொண்ணூற்றொன்பதில் பாஸ் கந்தோரில் பதியப்பட்டது. திரை, விசைப்பலகை, உரிமப் புத்தகம் எல்லாம் அந்தப் பதிவில் வரி வரியாக உண்டு. பழைய கணினியை இரத்துச் செய்யாமல் அதன் உரிமத்தைப் புதியதற்குப் போட்டால் என்ன அர்த்தம்? புதிய கணினி வேறொருவரின் பாஸோடு நடமாடுகிறது என்று அர்த்தம். அதன் விலை என்ன என்று பிரியந்தினிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

நல்லதம்பிக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. பழைய கணினியை இரத்துச் செய்து புதியதைப் பதிந்து தருமாறு பணிவாக வேண்டும் கடிதம் ஒன்றை மூன்று பிரதிகளில் எழுதினார். பழைய கணினியின் இலக்கத்தை இரண்டு இடத்தில் போட்டார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த லிகிதர் வீரபாகு கடிதத்தையும் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார். நாற்பது வயது, எப்போதும் தடிமன், ஒழுகும் மூக்கு. கெட்டவர் அல்லர், மேலே இருக்கும், தமிழ் தெரியாத அதிகாரியான பெரியவருக்கும் கீழே நிற்கும் சனத்துக்கும் இடையில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, சொந்தமாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனவர். கணினியை ஓடும் நிலையில் கொண்டுவந்து காட்டவேண்டும், பெரியவர் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் புத்தகம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி இலக்கம் போட்ட ஒரு ரோக்கன் துண்டு கொடுத்தார். பிறகு இரண்டு பதிவேடுகளைத் திறந்து இரண்டிலும் எழுதினார். பிரியந்தினி ஒன்றைத்தான் பார்த்தாள்.

வியாழக்கிழமை அர்ஷாத் சங்கத்துக்கு வந்து புதிய கணினியை மேசையில் வைத்தான். கோப்புகள் எல்லாம் இறங்கின. கணினி தானாக ஒருமுறை நின்று எழும்பியது. எழும்பியதும் இருபத்தைந்து எழுத்தையும் கேட்டது.

"புத்தகத்தைத் தாங்க."

பிரியந்தினி ரோக்கனை எடுத்து நீட்டினாள். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன?"

"புத்தகம் பாஸ் கந்தோரிலை. மெசினை ஓடவிட்டுக் காட்டினாத்தான் தருவினம்."

"புத்தகம் இல்லாட்டி மெசின் ஓடாது புள்ள."

இருவரும் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். கணினி பொறுமையாக இருந்தது. வெற்றுப் பெட்டிக்குள் கோடு ஒன்று மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது.

"நம்பரை எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பீங்களே?"

"பாஸ் நம்பரை ஆரும் எழுதி வைப்பினமோ நானா?"

அதுவும் நியாயம்தான். முகாமில் அவளுடைய கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இளையதம்பி, பாஸ் தொலைந்தால் உதவும் என்று அதை ஒரு போட்டோப் பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சோதனையில் அசலும் பிரதியும் ஒன்றாக அகப்பட்டன. எத்தனை பிரதி எடுத்தாய், யாருக்கெல்லாம் கொடுத்தாய் என்று மூன்று கிழமை விசாரித்தார்கள். அவர் திரும்பி வந்தபோது வலது கையால் சோறு அள்ள முடியவில்லை. அதன் பிறகு முகாமில் யாரும் எந்த இலக்கத்தையும் எங்கும் எழுதி வைப்பதில்லை. சில பேர் தங்கள் பிள்ளைகளின் பிறந்த திகதியையே மனதில்தான் வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் திரும்ப வரிசையில் நின்று, புத்தகம் வேண்டாம், அதில் உள்ள இருபத்தைந்து எழுத்தையும் வாசித்தால் போதும் என்று கேட்டாள். வீரபாகு உள்ளே போய்க் கேட்டு வந்தார். கோப்பில் உள்ள இலக்கம் பாதுகாப்புச் சம்பந்தப்பட்டது, கந்தோரை விட்டு வெளியே போகக் கூடாது என்று பதில். அடுத்த திங்கட்கிழமையும் போனாள். அதே பதிலை வீரபாகு தும்மலோடு சொன்னார்.

வழக்குக்கு ஒன்பது நாள் இருந்தது. பாஸைப் புதுப்பிக்கும் நாள் பதினெட்டாந் திகதி. போன மாதம் கணினி திருத்தத்தில் இருக்கிறது என்ற கடிதம் போதுமாக இருந்தது; இந்த முறை சங்கத்தில் ஓடுகிற, பதிந்த கணினி இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். பயண அனுமதிக்கும் அதே கதை.

அர்ஷாத் தன் கடையில் இருந்து ஒரு குறுந்தட்டு கொண்டுவந்தான். அதன் மேல் மையால் ஒரு இலக்கம் எழுதியிருந்தது. வவுனியாவில் உள்ள பாதிக் கணினிகள் அந்த ஒரே இலக்கத்தில்தான் ஓடுகின்றன, ஒரு கணினியும் இதுவரை பிடிபடவில்லை என்றான். நல்லதம்பி இது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிப்பதற்காகக் குசினிக்குப் போய், இருபது நிமிடம் வராமல் இருந்தார். சம்மதம் தெரிவிக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

பிரியந்தினி குறுந்தட்டை வாங்கி அந்த இலக்கத்தைப் பார்த்தாள்.

"இது ஆற்றை நம்பர்?"

"ஆற்றயும் இல்ல. ஊருக்குப் பொது."

"பெரியவர் புத்தகத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு ஒத்துப் பாத்தா?"

அர்ஷாத் குறுந்தட்டுக்குக் கையை நீட்டினான்.

"என்ரை அவரும் ஒரு நாளுக்கு எண்டுதான் மெல்ரொன்ரை பாஸை வாங்கினவர்," என்று சொல்லி அவள் குறுந்தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு ஒரு யோசனை சொன்னாள். இந்தக் கதையிலேயே அறிவுள்ள யோசனை அது ஒன்றுதான். இலக்கம் கந்தோரை விட்டு வெளியே வரக்கூடாது என்றால், கணினி கந்தோருக்குப் போகட்டும். அங்கேயே வைத்து, அவர்களின் கண்ணுக்கு முன்னால் அடித்துவிடலாம். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மின்சாரத்தை எடுத்தால் திரும்ப எங்கே எழும்பும் என்று அர்ஷாத்திடம் கேட்டாள். இதே கேள்வியில்தான் எழும்பும் என்றான். சோதித்தும் காட்டினான். எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் அது அந்த இருபத்தைந்து எழுத்தைத்தான் கேட்டது. வேறு எதிலும் அதற்கு அக்கறை இல்லை.

பதினாலாந் திகதி வியாழக்கிழமை காலை ஆறரைக்கு, ஓட்டோவில் திரையை மடியிலும் பெட்டியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு, பிரியந்தினி பாஸ் கந்தோருக்குப் போனாள். கணினியும் வரிசையில் நின்றது. பெண்கள் பக்கத்து வரிசையில். சோதிக்கிற பெண் அதன் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு பிரியந்தினியையும் அப்படியே தடவினாள். வெயில் ஏற ஏறப் பிரியந்தினி தலையில் போட்டிருந்த சால்வையை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டாள்.

பக்கத்து வரிசையில் உருத்திரபுரத்துக் கிழவர் பழனியாண்டி நின்றார். கண் கிளினிக்குக்குப் போக நாலாவது தடவையாக வந்தவர். அவருக்கு இது என்ன என்று வடிவாகத் தெரியவில்லை. தெரிந்த அளவில் கேட்டார்.

"பிள்ளை, உதுக்கும் பிணை ஆள் வேணுமாமோ?"

"ஓம் அப்பு. நான்தான் பிணை."

"கவனம் மோனை. ஓடிப்போட்டுதெண்டா உன்னைத்தான் பிடிப்பாங்கள்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று காலை அங்கே கேட்ட சிரிப்பு அதுதான்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். அவள் சொன்னதை வீரபாகு பெரியவருக்கு மொழிபெயர்த்தார். பெரியவர் என்பவர் இளைஞர். முப்பது வயதுகூட இராது. வரிசையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்களோடு கணினியைப் பார்த்தார். பாஸ் கந்தோருக்கு ஏதோ ஒன்று தன் காலில் வந்து சட்டத்தைக் கேட்பது அவருக்குப் புதினமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுவரச் சொன்னார். ஒரு மேசை ஒதுக்கினார்கள். மின்விசிறியின் செருகியைக் கழற்றிவிட்டுக் கணினிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு கதிரை போட்டார்கள். மூன்று வருடத்தில் அந்தக் கந்தோரில் அவள் கதிரையில் இருந்தது அன்றுதான்.

கணினி எழும்பி, இருபத்தைந்து எழுத்தையும் கேட்டது.

பெரியவர் புத்தகத்தை வீரபாகுவிடம் கொடுத்தார். வீரபாகு ஒவ்வொன்றாக வாசித்தார். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். பன்னிரண்டாவதில் அவருக்குத் தும்மல் வந்து, வாசித்த இடம் தவறி, முதலில் இருந்து தொடங்கினார்கள். வெளியே வரிசை அசையாமல் நின்றது. கம்பி வலையில் முகங்கள் ஒட்டிக்கிடந்தன. கடைசி எழுத்தை அடித்துவிட்டு அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கணினி ஏற்றுக்கொண்டது. அரை மணித்தியாலம் தன்னுடைய உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தது. இரண்டு தரம் அணைந்து எழும்பியது. பிறகு திரையில் நீல வானமும் வெள்ளை முகிலும் வந்தன.

"இரணைமடுக் குளத்துக்கு மேலை தெரியிற வானம் மாதிரி," என்றார் வலைக்கு வெளியே நின்ற பழனியாண்டி, கண் தெரிந்த மட்டில்.

பெரியவர் புதிய அனுமதிக் கடிதத்தில் முத்திரை குத்தினார். உரிமப் புத்தகத்தின் பின்பக்கத்திலும், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒன்று குத்தினார். பழைய கணினியில் இருந்த உரிமம் ஒரு குறையும் இல்லாமல் புதிய கணினிக்கு மாறியது.

பிரியந்தினி உடனே பயண அனுமதி விண்ணப்பத்தை நீட்டினாள். ஏழு நாள், வழக்கு, இருபதாந் திகதி. அதோடு தன் மாதப் பாஸையும் வைத்தாள். வீரபாகு பாஸை வாங்கி இரண்டாவது பதிவேட்டைத் திறந்தார். பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் பெரியவரிடம் ஏதோ சொன்னார். பெரியவர் திருப்பிக் கேட்டார்.

"நீங்கள் எந்தப் பாஸிலை இஞ்சை நிக்கிறியள் எண்டு கேக்கிறார்."

"இந்தப் பாஸிலைதான். பதினெட்டு வரையும் இருக்கே அண்ணை."

"இது நாலாந் திகதியோடை முடிஞ்சுது."

"ஆர் முடிச்சது?"

வீரபாகு மூக்கைத் துடைத்தார். "நீங்கள்தான். பழைய மெசினை ரத்துச் செய்யச் சொல்லி நல்லதம்பியற்றை கடிதம் கொண்டு வந்தனீங்கள். உங்கடை பாஸிலை காரணம் எண்டு அந்த மெசின்ரை நம்பரைத்தான் போட்டிருக்கு. காரணம் இல்லையெண்டா..." அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு மேலே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. அடிமட்டம் வைத்து, வடிவாக இழுத்த கோடு.

அவள் சத்தம் போடவில்லை. புதிய கணினிக்கு இப்போதுதானே முத்திரை குத்தினீர்கள், அதன் காரணத்தில் என்னைப் போடுங்கள் என்று கேட்டாள். இயக்குபவராகப் போடுவதற்கு அந்த ஆளிடம் செல்லுபடியான பாஸ் இருக்கவேண்டும் என்று பதில் வந்தது. பாஸ் எடுப்பதற்கு இயக்குபவராக இருக்கவேண்டுமே என்றாள். அதற்கு முகாமில் இருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புதிய கடிதம், புதிய பிணை, மூன்று மாதம் அளவில் ஆகும் என்று பதில் வந்தது. வீரபாகு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒழுங்காக மொழிபெயர்த்தார்.

"இருபதாந் திகதிக்கு மட்டும் விடச் சொல்லுங்கோ அண்ணை. வழக்கு முடிய நானே முகாமுக்கு வாறன். நான் போகாட்டி அவரை விடமாட்டினம்."

வீரபாகு இதைச் சற்று நேரம் எடுத்து மொழிபெயர்த்தார். தன்னுடையதாகவும் இரண்டு வசனம் சேர்த்திருக்க வேண்டும்; அவள் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. பெரியவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். இருபதில் கண் நின்றது. பிறகு மேசைக்குத் திரும்பி, மெதுவாக ஏதோ சொன்னார்.

"பத்து நாள் பாஸ் இல்லாமல் ரவுணுக்குள்ளை நிண்டிருக்கிறியள். அதுக்குப் பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும். அதைத் தான் எழுதாமல் விடுறாராம். தன்னாலை ஏலுறது அவ்வளவுதானாம்."

அது உண்மையிலேயே பெரிய உபகாரம். அந்தக் கந்தோரில் அப்படி ஒரு உபகாரம் பெற்றவர்கள் விரலில் எண்ணக்கூடியவர்கள். அவள் நன்றி சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியாது.

பின்னேரம் முகாமுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றுவதாகச் சொல்லி அவளைச் சுவரோரத்து நீள மர வாங்கில் இருத்தினார்கள். கணினியைப் பாரமெடுக்க நல்லதம்பி ஓட்டோவில் வந்தார். அவர் நகரத்தில் பிறந்தவர், அவருக்குக் காரணம் தேவையில்லை. முத்திரைகளைச் சரிபார்த்தார், ஒன்று கொஞ்சம் சரிந்திருக்கிறது என்றார். பிறகுதான் வாங்கில் இருப்பவளுடைய முகத்தைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் கையில் இருந்த காகிதங்களை மடித்து வைத்தார். பெரிய இடத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் பிள்ளை என்றார். எழுத வேண்டாம் ஐயா என்றாள் அவள். அதை அவள் கோபத்தில் சொன்னாளா, களைப்பில் சொன்னாளா என்று அவருக்குக் கடைசிவரையும் தெரியவில்லை.

தன் கைப்பையில் இருந்த ஆஸ்பத்திரி அட்டையை அவரிடம் கொடுத்து, இன்றைக்கே சட்டத்தரணிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னாள். நல்லதம்பி அனுப்பினார். அதற்கு ஒரு முகப்புக் கடிதமும் எழுதி, புதிய கணினியில் ஒரு விரலால் அடித்து, பிழை திருத்தி, மறுபடி அடித்து, மறுநாள் பின்னேரம் தபால் கந்தோர் மூடுவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்த்தார். இடையில் சனி, ஞாயிறு. அட்டை இருபத்தோராந் திகதி போய்ச் சேர்ந்தது.

அர்ஷாத் முகாம் வாசலுக்கு இரண்டு தரம் போனான். உள்ளே விடவில்லை, அவளுக்கு அவன் என்ன முறை என்று கேட்டார்கள். ஊர்க்காரன் என்றான். ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு அவனையே கொஞ்ச நேரம் விசாரித்தார்கள்.

சட்டத்தரணியின் கடிதம் ஆடி மாதம் முதற் கிழமை முகாமுக்கு வந்தது. வழக்கு பதினொன்றே காலுக்கு எடுக்கப்பட்டதாம். விறாந்தையில் அவளுடைய பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்களாம். றொமேஸ் கூண்டில் இருந்து, அவா வருவா, பஸ் பிந்தியிருக்கும் என்று சொன்னானாம். நீதவான் இரக்கமுள்ளவர் என்று முன்பே எழுதியிருந்தாரே, அது உண்மைதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்போம் என்று ஒத்திவைத்தாராம். சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு தரம் கூப்பிட்டார்கள்.

அடுத்த தவணை அடுத்த வருடம் மாசி பதினொன்று.